மலைக்கை மாஸ்டரிடம் நான் விழுந்த வருடங்கள்

மலைக்கை தற்காப்பு வகுப்பின் நினைவு மலருக்கு மாஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி இப்போதைய பயிற்சியாளர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். "அண்ணே, நீங்கதான் அவரோட கூடவே இருந்தவரு. நல்லதா ஒரு நாலு பக்கம் போதும்" என்றார்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று முருகன் பேரால் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. உதவி மாஸ்டர் என்று பலகையில் போட்டிருந்தது. ஆனால் என் வேலை விழுவது. மாஸ்டர் எந்தப் பிடியைச் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் என் மேல்தான் செய்து காட்டுவார். இருபத்தாறு வருடம் அவர் என்னைத் தூக்கிப் போட்டார். நான் விழுந்து எழுந்தேன். அதற்குச் சம்பளம் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தேன். "ஊருல எல்லாரும் காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுத்து, தோட்டத்துல வேல செஞ்சு சம்பளம் வாங்குறாங்க. எங்க வீட்டுக்காரரு கீழ விழுந்து வாங்குறாரு" என்று என் மனைவி பைப்படியில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறாள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. தோட்டத்து லய வீட்டில் நான் மட்டும்தான். காலையில் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன். பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுகிறேன். பழக்கம் விடுவதில்லை.

மாஸ்டரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை சிறியது. பதுளை டவுனில் ஹனீபா நானாவின் இரும்புக் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கடைக்கு மேல் மாடியில்தான் வகுப்பு. பலகைத் தரை. யாராவது விழுந்தால் கீழே ஆணிப் பெட்டியெல்லாம் குலுங்கும். "மேல என்னா, ஆளுக்குப் பயிற்சியா, ஆனைக்கா?" என்று நானா கத்துவார். ஆனால் வாடகையைக் கூட்டியதில்லை. ஒரு நாள் மாஸ்டர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு என்னா?"

"மாரிமுத்துங்க."

"விழத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நல்லது. தெரிஞ்சவன் எனக்கு வேணாம்."

அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. கராத்தே, ஜூடோ படித்துவிட்டு வருகிறவர்கள் கையைப் பிடித்தவுடனேயே அழகாக விழுந்துவிடுவார்கள். அது அவர்களுக்குப் பழகிய மரியாதை. அந்த மரியாதைதான் மாஸ்டருக்கு ஆகாது. அவரே கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் கராத்தே படித்தவர். பொலிஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் குத்துச்சண்டை பழகியவர். தோட்டத்துத் திருவிழாவில் சின்ன வயதிலேயே சிலம்பம் சுற்றியவர். எல்லாம் தெரிந்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. "முத்து, இதெல்லாம் சமதரையில நிக்கிறவனுக்குத்தான். நம்ம சனம் எங்க சமதரையில நிக்குது?" என்பார்.

உண்மைதானே. மலையில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. லயத்துப் படி ஒரு சாண் அகலம். தேயிலைக் கொழுந்துக் கூடை முதுகில். மழை பெய்த புல். இங்கே ஒருவன் மேல் பாய்ந்தால் எப்படித் தப்புவது என்று அவர் யோசித்து யோசித்துச் சேர்த்ததுதான் மலைக்கை. யாருடைய முறையும் இல்லை, எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு சட்டம்: பிடி வேலை செய்ய வேண்டும். பலகையில் 'மலைக்கை ஃப்ரீஸ்டைல் தற்காப்புக் கலை' என்று எழுதியபோது பெயிண்ட் அடித்தவர், "ஸ்தாபகர்னு போடவா?" என்று கேட்டாராம். மாஸ்டர் கூச்சப்பட்டுக்கொண்டு, "சின்ன எழுத்துல போடுங்க" என்றாராம்.

முதல் இரண்டு வருடம் உடம்பெல்லாம் நீலம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மாஸ்டர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னே வந்து ரப்பர் மெத்தைகளை ஈரத் துணியால் அவரே துடைப்பார். யாரையும் துடைக்க விடமாட்டார். பிறகு என் நகத்தைப் பார்ப்பார். சாமிப் படத்துக்கு நான் கற்பூரம் காட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார். அவர் அவ்வளவாகக் கும்பிடுகிறவர் இல்லை. எனக்காக நின்றார்.

புதுப் பிடி ஒன்று அவர் மனதில் வந்தால் முதலில் என்னைப் போட்டுப் பார்ப்பார். நான் விழுந்ததும் கை கொடுத்துத் தூக்க மாட்டார். குனிந்து என் பிடரியில் இரண்டு விரலை வைத்து அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேட்பார்: "எங்க போச்சு?"

அதாவது, எந்த இடத்தில் உன் நிலை குலைந்தது என்று அர்த்தம். மணிக்கட்டிலா, இடுப்பிலா, குதிக்காலிலா. நான் மல்லாந்து கிடந்தபடியே நினைத்துப் பார்த்துச் சொல்வேன். "முட்டியில போச்சுங்க மாஸ்டர். ஆனா கொஞ்சம் லேட்டுங்க. ஒரு ஆளு பலமா இருந்தா அதுக்குள்ள சுதாரிச்சிருவான்." உடனே அவர் கொப்பியை எடுத்து எழுதுவார். அந்தப் பிடியை மாற்றுவார். திரும்ப என்னைப் போடுவார். ஒரு பிடிக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. பாராட்ட மாட்டார். ஆனால் நான் விழாமல் நின்றுவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! "நின்னுட்டியா! நின்னுட்டியா!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். அவருடைய பிழையை நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேனாம். கீழே போய் ஹனீபா நானாவுக்கும் சேர்த்து மூன்று பிளேன்டீ சொல்வார்.

மலைக்கையில் உள்ள ஒவ்வொரு பிடியும் நான் சொன்ன வார்த்தையின் மேல்தான் நின்றது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கீழே சொல்லப்போவதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருடங்களில் நாங்கள் போகாத இடம் இல்லை. மெத்தைகளைச் சுருட்டிக் கயிறு கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பூனாகலைக்கும் மொனராகலைக்கும் போவோம். எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகள் பெருகியபோது, அங்கே காவல் வேலைக்குச் சேர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். நல்ல காலம் அது.

பிறகு மாஸ்டரின் மனைவி தவறிப்போனார். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் மாஸ்டர் வீட்டுப் படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அறுபதைத் தாண்டியிருந்தார். ஆனாலும் மெத்தையைத் துடைத்தார்.

அந்த வருடம் பண்டாரவளையில் ஒரு பாடசாலையின் விளையாட்டு விழாவில் எங்களைச் செய்து காட்டக் கூப்பிட்டார்கள். மேடையில் பெரிய மனிதர்கள். மைதானம் நிறையப் பிள்ளைகள். மாஸ்டர் என் கையைப் பிடித்துத் தோளுக்கு இழுத்தார். நூறு தடவை விழுந்த பிடி. இழுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பிடி வரவில்லை. அவருடைய முழங்கால் நடுங்கியது. என் இரண்டு காலும் தரையில் கல் மாதிரி நின்றன. அவருடைய மூச்சு என் காதில் கேட்டது.

நான் எம்பிக் குதித்து அவருடைய தோளுக்கு மேலால் விழுந்தேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாஸ்டர் குனிந்து பிடரியில் விரலை வைத்தார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். மனைவி போன பிறகு அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை.

"எங்க போச்சு?"

"தோள்லங்க மாஸ்டர். சுத்தமா போச்சுங்க."

அதுதான் முதல் பொய். அன்றைக்கு அதை நான் பொய் என்றே நினைக்கவில்லை. பெரியவர்களுக்கு விட்டுக்கொடுப்பது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது முருகனுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

ஒரு தடவை விழுந்தவன் மறுபடி எப்படி நிற்பது? அடுத்த வாரமும் விழுந்தேன். அதற்கடுத்த வாரமும். அவர் கேட்கும்போது வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னேன். முட்டி என்பேன், குதிக்கால் என்பேன். அவர் நம்பிக்கையோடு எழுதிக்கொள்வார். இரண்டு வருடம் இப்படியே போனது. அந்த இரண்டு வருடத்தில் மாஸ்டருக்கு உற்சாகம் வந்து புதிதாகச் சில பிடிகள் கண்டுபிடித்தார். அதில் ஒன்று பதினேழாவது பிடி. கத்தி வைத்திருக்கிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, இடது காலை உள்ளே வைத்து, திருப்பிச் சாய்ப்பது. அதில் நான் நிஜமாக விழுந்தது ஒரு தடவைகூட இல்லை.

எல்லவில் பயிற்சி எடுத்தவர்களில் செல்வராணி என்று ஒரு தங்கச்சி. முன்னே கொழுந்து பறித்தவள், விடுதியில் காவல் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. பதினேழாவது பிடியில் என்னை எத்தனையோ தடவை சாய்த்திருக்கிறாள். சாய்த்தாள் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளுக்கு விழுந்து கொடுத்ததும் நான்தான். மாஸ்டரின் பிடி ஒரு பெண்பிள்ளைக்கு வராவிட்டால் மாஸ்டருக்குக் குறையாகிவிடுமே என்று விழுந்தேன்.

ஒரு பின்னேரம் விடுதி வாசலில் குடித்துவிட்டு வந்தவன் ஒருவன் கத்தியைக் காட்டினான். ஓடியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். அவளுக்குத்தான் பிடி தெரியுமே. மணிக்கட்டைப் பிடித்தாள், காலை உள்ளே வைத்தாள், திருப்பினாள். அவன் விழவில்லை. கத்தி அவள் வலது உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "வாங்கண்ணே" என்று எழுந்து உட்கார்ந்தாள். கேட்டது ஒன்றுதான். "அண்ணே, நான் எதுல தப்பு விட்டேன்? நீங்க விழுந்தீங்களே?"

தோடம்பழப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, நான் சொல்லாமலேயே இது தீர்ந்துபோக வேண்டும் என்று வேண்டினேன். அப்படியும் ஒரு வேண்டுதல்.

இரண்டு மாதம் கழித்து அவளே பதுளை வகுப்புக்கு வந்தாள். கையில் தையல் காய்ந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாஸ்டர் அவளை மெத்தைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் அது தூங்கவிடாத விஷயம்தான். ஆனால் பிடியில் பிழை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? கொப்பியில் என் வார்த்தை இருக்கிறதே.

"காலுதாம்மா தப்பு. அவசரத்துல நீ வெளிய வச்சிருப்ப. வா, செஞ்சு பாப்பம். முத்து, கத்திய எடு."

மரக்கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் மடங்காத விரல்களோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த இரண்டு விரலும் என் கையில் குச்சி மாதிரி உரசின. காலை உள்ளே வைத்தாள். சரியாகத்தான் வைத்தாள். திருப்பினாள்.

விழுந்தால் அவள் சந்தோஷமாக எல்லவுக்குத் திரும்பிப் போவாள். அதே பிடியோடு போவாள்.

நான் நின்றேன்.

"என்னா முத்து?"

"வரலைங்க மாஸ்டர்."

"இன்னொருக்கா செய்யும்மா. கால இன்னும் உள்ள வையி."

மறுபடியும் செய்தாள். நின்றேன். அவள் முகம் சுருங்கியது. "மன்னிச்சிருங்க மாஸ்டர். எனக்குத்தான் வரமாட்டேங்குது" என்றாள். மாஸ்டர் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, "என்னப் பாரும்மா" என்று தானே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது காலை உள்ளே வைத்தார். திருப்பினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிடித்த கையை விடவில்லை.

"எத்தன நாளா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"பண்டாரவளையில இருந்துங்க மாஸ்டர்."

கீழே கடையில் யாரோ கம்பி வெட்டுகிற சத்தம். மாஸ்டர் என் கையை விட்டுவிட்டு செல்வராணியிடம் போனார். "தப்பு ஒன் மேல இல்லம்மா. பிடி தப்பு" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா வீட்டுக் கண்ணாடி முன்னால கால மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேனேண்ணே" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மாஸ்டர் அன்றே வகுப்பை மூடினார். "ஒரு மாசம் யாரும் வர வேணாம்." ஆனால் என்னை வரச் சொன்னார். மறுநாள் காலையில் போனபோது மெத்தையைத் துடைத்து வைத்துவிட்டு, கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எது நெசம் எது பொய்யின்னு எனக்கு இப்பத் தெரியல முத்து. ஒண்ணாவதுல இருந்து வருவோம். நீ நில்லு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. தினமும் காலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் செய்வார், நான் நிற்பேன். விழாவிட்டால் குறுக்கே கோடு போடுவார். அவர் உடம்பு தளர்ந்துபோனதால் வராத பிடிகளும் இருந்தன. இளைஞன் செய்தால் வரும். நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லாத" என்றார். நான் நின்றால் அவர் சிரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிளேன்டீக்கு அவர் தனியாக இறங்கிப் போனார்.

வெளியேயும் அப்படித்தான். பழைய மாணவர்களில் பாதிப் பேர், பலர் முன்னால் மாஸ்டரை அவமானப்படுத்திவிட்டேன் என்று என்னோடு பேச்சை விட்டார்கள். மீதிப் பேர் இரண்டு வருடம் ஏமாற்றினேன் என்று விட்டார்கள். இரண்டும் சரிதான். பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டு வந்தார்கள்.

கடைசியாக சரிவு வாரல். மேலே நிற்கிறவனைக் கீழே நிற்கிறவன் காலைக் கொடுத்து வாரிவிடுவது. அவர் இளவயதில் முதல் முதலாகத் தானே கண்டுபிடித்த பிடி அது. மாடியில் செய்ய முடியாது என்பதால் கடைசிக்கு வைத்திருந்தார். டவுனுக்கு வெளியே தோட்டத்துப் புல்சரிவுக்குப் போனோம். வெயில் ஏறாத காலை. நான் மேலே நின்றேன். அவர் நொண்டிக்கொண்டே கீழே நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் முழுப் பலத்தோடு காலை ஊன்றினேன். அவர் வாரினார். என் குதிக்கால் என்னைக் கேட்காமலே போனது. வலது தோளில் விழுந்து மூச்சு நின்றுவிட்டது. அந்தத் தோள் இன்னும் சரியாகவில்லை. அந்தப் பிடிக்கு அவருடைய பலம் வேண்டியதே இல்லை, சரிவே வேலையைச் செய்கிறது. அதுதான் அவருடைய முழு வித்தை.

எனக்கு வலியோடு சந்தோஷம். கிடந்தபடியே கத்தினேன். "குதிக்கால்ல போச்சுங்க மாஸ்டர்! நெசமாவே போச்சுங்க!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். குனியவில்லை. என் பிடரியில் விரல் வரவில்லை.

"நெசமாவா?"

"முருகன் மேல சத்தியமாங்க மாஸ்டர்."

"சாமிய இழுக்காத முத்து." கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்தார். "ஈரமா இருக்கு. வழுக்கியிருக்கும்."

எனக்கு ஒரு சாக்குக் கொடுக்கிறார் என்று விளங்கியது. இன்னொரு தடவை செய்யலாம் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றார். பேனாவைத் திறந்து அந்தப் பக்கத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கோடும் போடவில்லை, சரியென்றும் போடவில்லை. கொப்பியை மூடினார். இரண்டு பேரும் ரோட்டுக்கு இறங்கினோம்.

அதற்குப் பிறகு அவர் கதிரையில் உட்கார்ந்துதான் வகுப்பு நடத்தினார். விழுவதற்கு வேறு ஆள் வந்தார். அடுத்த வருடம் மாஸ்டர் காலமானார். இழவு வீட்டில் கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போதைய பயிற்சியாளர்கள் அவருடைய கொப்பியைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதுகிறார்கள். கோடு போட்ட பிடிகளை விட்டுவிட்டார்கள், நல்லது. அடையாளம் இல்லாத அந்தப் பக்கத்தையும் விட்டுவிடலாமா என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தம்பிமாரே, விடாதீர்கள். அது வேலை செய்யும். அது என்னை நிஜமாகவே விழுத்தியது. ஆனால் மாரிமுத்து சொன்னான் என்று சேர்க்க வேண்டாம். மழை இல்லாத நாளாகப் பார்த்து, புல் காய்ந்த பிறகு, உங்களை மதிக்காத ஒருவனைச் சரிவில் மேலே நிற்க வைத்துச் செய்து பாருங்கள்.